70 லீற்றர் கடலும் சிவப்புப் பாசியும்

வீரமுனையில் எங்கட வீட்டு முன்னறையில் 70 லீற்றர் கடல் இருக்கிறது. நிஜக் கடலைப் பார்க்க வேண்டும் என்றால் மாவடிப்பள்ளி தாண்டி, காரைதீவுச் சந்தி தாண்டிப் போக வேண்டும். எங்களைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான். அதுக்குள்ள இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் உப்புத் தண்ணியும் ஒரு சோடி கோமாளி மீனும் இருப்பது ஊருக்கு இன்னும் வேடிக்கை. “கறிக்கும் ஆகாத மீனுக்கு இவ்வளவு கரண்ட் பில்லா?” என்று அம்மம்மா மாசம் ஒருக்கா கேட்பா.

தொட்டி மாமாவுடையது. டோஹாவில் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிற கடல் மீன்தொட்டிகளைப் பராமரிக்கிற கம்பனி ஒன்றில் அவருக்கு வேலை. 2020இல் கொரோனாவோடு வேலை போய் ஊருக்கு வந்தபோது, சொக்லேட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பம்ப், ஒரு லைட், உப்பு அளக்கிற மானி எல்லாம் சூட்கேசுக்குள் இருந்தன. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். அதனால் சீமெந்தையும் உடைத்த சிப்பியையும் குழைத்து, மாசக்கணக்கில் தண்ணியில் ஊறப்போட்டு, அவரே கல் செய்தார். அந்தக் கல்லில் வளர்ந்தது கொழும்பில் வாங்கிய ‘பொத்தான் பூ’. அது பூ இல்லை, முருகைக்கு உறவான ஒரு விலங்கு. சட்டைப் பொத்தான் அளவில், பச்சை நடுவும் செம்மஞ்சள் ஓரமுமாக இருக்கும். வாங்கும்போது ஏழு தலை. நான்கு வருசத்தில் அறுபதுக்கு மேலே போயிற்று. 2022இல் கரண்ட் பல மணித்தியாலம் வெட்டுப்பட்ட நாட்களில் மாமா மோட்டார் சைக்கிள் பற்றரியில் காற்று பம்ப் ஓடவிட்டு இரவிரவாக விழித்திருந்து காப்பாற்றிய பூக்கள் அவை.

2023இல் மாமா திரும்பவும் கத்தாருக்குப் போனார். தொட்டி எனக்கு வந்தது.

2025 ஜனவரியில் மணலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஒரு கிழமையில் அது உள்ளங்கை அளவாயிற்று. இரண்டாம் கிழமை மணல் முழுக்கக் கருஞ்சிவப்பு வெல்வெட் துணி விரித்த மாதிரி. பகல் ஏற ஏற அந்தத் துணியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் முத்து முத்தாக நிற்கும். லைட்டை அணைத்து விடிய எழும்பிப் பார்த்தால் பாதி குறைந்திருக்கும். ‘சரி, போகுது’ என்று நினைத்தால் மத்தியானம் அதே இடத்தில் அதே துணி. அழகாகத்தான் இருந்தது என்று சொன்னால் மாமா ஏசுவார். மூன்றாம் கிழமை அது கல்லில் ஏறிப் பொத்தான் பூக்களின் மேல் படர்ந்தது. மூடுபட்ட தலைகள் விரியவே இல்லை. விரியாத தலைக்கு வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாவிட்டால் அது மெலிந்து அழுகும்.

ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: பாசி. கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, வாய்க்காலில் தலைமுடி மாதிரி நீண்டு ஆடுவதும் பாசி, கடற்கரையில் ஒதுங்குவதும் பாசி. மட்டக்களப்புப் பக்கம் வெளிநாட்டுக்காரர் குளிக்க வருகிற பாசிக்குடாவின் பெயரைப் பிரித்தாலும் பாசி, குடா என்ற இரண்டு தமிழ்ச் சொல்தான் வரும். ஆனால் என் தொட்டிக்குள் வந்தது உண்மையில் பாசி இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘நீலப்பச்சை அல்கா’ என்று ஒரு காலம் படிப்பித்த சயனோபற்றீரியா. அதாவது பற்றீரியா. பச்சையத்தோடு பைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறப்பொருளும் சேர்ந்திருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. இதன் உறவுக்காரர் ஒருவர் கடல் மேற்பரப்பில் செம்பழுப்பாகப் படர்வதால்தான் செங்கடலுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இதன் பழைய கதையை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. பூமியின் வளியில் ஒட்சிசன் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி வருசத்துக்கு முதல். அதைச் சேர்த்தது சயனோபற்றீரியாக்கள்தான். பிறகு வந்த தாவரங்களின் பச்சையவுருமணிகூட, ஒரு காலத்தில் வேறொரு கலத்துக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட சயனோபற்றீரியாவின் வாரிசுதான். எங்கட வயலில் நிற்கிற நெல்லின் பச்சையும் தொட்டிக்குள் படர்ந்த சிவப்பும் தூரத்துச் சொந்தம். மத்தியானத்தில் நின்ற குமிழ்களும் அந்தப் பழைய ஒட்சிசன்தான். இப்படிப்பட்ட ஒன்றை 70 லீற்றர் தண்ணியிலிருந்து ‘அழித்தொழிப்பது’ என்பது நடக்கிற காரியமில்லை. எல்லாக் கடல் தண்ணியிலும் அது இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று கேட்பதில் பயனில்லை. ஏன் இப்போது இவ்வளவு என்பதுதான் கேள்வி.

முதலில் கிடைத்த பதில் ஒரு மாத்திரை. கடல் மீன் விற்கிற ஒருவரிடம் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டேன். “எரித்ரோமைசின் போடுங்க, ரெண்டு நாளில கண்ணாடி மாதிரி ஆகிரும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இது பற்றீரியா, எரித்ரோமைசின் நுண்ணுயிர்கொல்லி, வேலை செய்யும். அந்த இரவே மாமாவுக்குக் கோல் எடுத்தேன்.

“போடாத புள்ள,” என்றார். “இங்க நாங்க நூறு தரம் போட்டிருக்கம். வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை விருந்து, வியாழக்கிழமைக்குள்ள தொட்டி பளபளக்கணும். போட்டா பளபளக்கும். ரெண்டு மாசத்தில திரும்பவும் அதே வீட்டில இருந்து கோல் வரும். கம்பனிக்கு அது லாபம். உனக்கு என்ன லாபம்?”

மாமா சொன்னதை வாசித்ததோடு சேர்த்துப் பார்த்தால் விசயம் இதுதான். கடல் தொட்டி ஓடுவதே கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களால். மீனின் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை ஒரு கூட்டம் நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்கும். பற்றீரியாவைக் கொல்கிற மருந்தை ஊற்றினால் அது நல்லது கெட்டது பார்த்துக் கொல்லும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது தப்பினாலும் அடுத்த சிக்கல், ஒரே நாளில் செத்த அவ்வளவு சளியும் தொட்டிக்குள்ளேயே அழுகும். அழுகும்போது ஒட்சிசனைத் தின்னும். தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த நைதரசனையும் பொசுபரசையும் திரும்பத் தண்ணியிலேயே விடும். பாசி போனது மாதிரித் தெரியும், ஆனால் அதை வளர்த்த சாப்பாடு அங்கேயே இருக்கும். தொட்டித் தண்ணியை மாற்றும்போது அந்த மருந்து வாய்க்காலுக்குப் போகும் என்பது வேறு. பிள்ளைகளின் நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கிற மருந்து அது. வாய்க்காலில் இருக்கிற கிருமிகளுக்கு அதைப் பழக்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மருந்தில்லாமல் செய்கிற வேலைகளைச் செய்தோம். மெல்லிய குழாயால் சளியை உறிஞ்சி எடுத்தோம். அது துணி மாதிரிக் கிழியாமல் சுருண்டு வரும், கொஞ்சம் திருப்தியாகக்கூட இருக்கும். பொத்தான் பூவில் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம் என்பதால் கையுறை போட்டுத்தான் கல்லில் கைவைக்க வேண்டும். பிறகு மூன்று நாள் லைட் போடாமல், தொட்டியைப் போர்வையால் மூடிக் காற்று பம்ப்பை மட்டும் ஓடவிட்டோம். ஒளித்தொகுப்பு செய்கிற உயிருக்கு வெளிச்சத்தை நிறுத்துவது பட்டினி போடுவது மாதிரி. பொத்தான் பூ மூன்று நாளைத் தாங்கும். தண்ணி சுழலாத மூலைகளில்தான் சளி தடித்து நின்றது என்பதால் பம்ப்பின் வாயை அந்தப் பக்கம் திருப்பினோம். நாலாம் நாள் போர்வையை எடுத்தபோது மணல் வெள்ளையாக இருந்தது. தம்பி போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினான்.

பத்து நாளில் திரும்பி வந்தது.

குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்றில், ஊர் தண்ணி எடுக்கிற கேணியின் பாசியைப் போன்றது பசலை என்று ஒருத்தி சொல்வாள். அவன் கைபட்டால் ஒதுங்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். அதை வகுப்பில் படித்தபோது உவமையைப் பார்த்தேன். இப்போது பாசியைப் பார்த்தேன். இரண்டாயிரம் வருசத்துக்கு முதலே யாரோ கேணியில் குடத்தை விட்டு, விலகியதும் திரும்பக் கூடியதுமான பாசியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். கையால் விலக்குவது தீர்வில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். கண்ணாடித் தொட்டிக்கு ஆறும் இல்லை அடித்தளமும் இல்லை. உள்ளே போட்டது எதுவும் நாங்களாக வெளியே எடுக்கும்வரை உள்ளேதான் இருக்கும். என்னென்ன உள்ளே போகிறது? ஒன்று, மீன் சாப்பாடு. இரண்டு மீனுக்கு ஒரு சிட்டிகை, அளவு மாறவில்லை. இரண்டு, ஆவியாகிற அளவுக்கு விடுகிற நல்ல தண்ணி. அது வடிகட்டிய போத்தல் தண்ணி, அதுவும் மாறவில்லை. மூன்று, மாசம் ஒருக்கா 20 லீற்றர் மாற்றுகிற கடல் தண்ணி. மாமா காலத்திலிருந்தே மாளிகைக்காட்டுக் கரையில் அள்ளி வருவதுதான் வழக்கம். கொழும்பில் தொட்டி வைத்திருப்பவர்கள் விலைக்கு வாங்குகிற உப்பைக் கரைக்கிறார்கள். எங்களுக்குக் கடல் ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தூரம்.

கடைசியாகத் தண்ணி வந்தது 2024 டிசம்பரில். தம்பி இரண்டு கான் அள்ளி வந்தான். மானியில் 1.019 காட்டியது. கடல் தண்ணி 1.025க்குக் கிட்ட இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இப்படிக் குறையும், பக்கெட் உப்புப் போட்டு ஏற்று என்பது மாமா சொல்லித் தந்தது. ஏற்றினோம். ஒரு கான் டிசம்பரில் தொட்டிக்குள் போனது, மற்றது ஜனவரியில். அதன் பிறகுதான் அந்தச் சிவப்புப் புள்ளி.

பெப்ரவரியில் மாளிகைக்காட்டுக்குப் போனபோது மாமாவின் கூட்டாளி ஒருவரைக் கண்டேன். கடலுக்குப் போகிற காக்கா. கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மாரில கரைத்தண்ணி கடத்தண்ணியா புள்ள? அது உங்கட வயல் தண்ணிதானே. ஆத்துவாய் வெட்டினா எத்தின நாளைக்கு இந்தக் கடல் தேத்தண்ணி நிறத்தில கெடக்கும், பார்த்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன். ஆனால் அதைத் தொட்டியோடு சேர்த்து யாரும் எனக்குச் சொன்னதில்லை. உப்புமானி சொன்னதும் இதைத்தான். 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.019 என்றால் நான்கில் ஒரு பங்கு அளவு ஆற்றுத் தண்ணி. உப்பைப் போட்டு உப்பை ஏற்றலாம். அந்த ஆற்றுத் தண்ணியோடு வந்ததை உப்பு வெளியே எடுக்காது.

அது எங்கே இருந்து வருகிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியாக இறங்குகிற தண்ணி வயல் வயலாகப் பாய்ந்து, வடிச்சலில் விழுந்து, ஆறுகளும் களப்புகளும் வழியாகக் கடலுக்குப் போகிறது. மாரியில் மழையும் சேரும். பெரும்போகத்துக்கு விதைக்கும்போது அடிக்கட்டுப் பசளை போடுவார்கள், அதில் பொசுபரசு. பயிர் எழும்பியதும் மேற்கட்டு யூரியா, அது நைதரசன். நெல் எடுத்தது போக மிச்சம் மண்ணிலும் தண்ணியிலும். அந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்தால் மிச்சம் எல்லாம் ஒரே தரத்தில் கடலுக்கு. 2024 நவம்பர் கடைசியில் வந்தது அப்படிப்பட்ட வெள்ளம். மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை அடித்துக்கொண்டு போனதும் அந்தத் தண்ணிதான். நாங்கள் கானோடு கடலுக்குப் போய்வருகிற வீதி அது. பிள்ளைகளைத் தேடிய அந்த நாட்களில் சம்மாந்துறையிலும் வீரமுனையிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியாமல் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமை கழித்து அள்ளியதுதான் அந்த இரண்டு கானும்.

அமெரிக்கக் கடலியலாளர் அல்பிரட் ரெட்பீல்ட் 1934இல் ஒன்றைக் கவனித்து எழுதினார். கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களின் உடம்பில் நைதரசனும் பொசுபரசும் ஏறக்குறைய 16க்கு 1 என்ற கணக்கில் இருக்கின்றன. தொட்டி வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நைதரசனைக் குறைத்துவிட்டால் பாசி பட்டினியாகும் என்று நினைப்போம். ஆனால் சயனோபற்றீரியாக்களில் பல, காற்றில் 78 வீதம் இருக்கிற நைதரசனையே எடுத்துச் சாப்பாடாக்கத் தெரிந்தவை. பொசுபரசு தாராளமாகக் கிடந்தால், நைதரசன் குறைகிற இடத்தில் மற்றப் பாசிகள் தவிக்கும், இவைகள் வெல்லும். கண்டி வாவியில் 1999இல் தண்ணி பச்சைக் கூழாகப் படர்ந்ததும், கொழும்பு பேரே வாவி பச்சையாகவே நிற்பதும் இதே குடும்பத்தின் நன்னீர் உறவுகளால்தான். அங்கே வயலுக்குப் பதில் நகரத்தின் கழிவு. தொட்டியானாலும் வாவியானாலும் கணக்கு ஒன்றுதான்: வருவது கூட, போவது குறைவு.

இந்த இடத்தில் எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பசளையைத் திட்டி முடிப்பார்கள். என்னால் முடியாது. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல். அந்த அடிக்கட்டுப் பசளை மூடைகள் எங்கட விறாந்தையில்தான் அடுக்கியிருக்கும். மீனுக்கும் எனக்கும் சாப்பாடு அந்த மூடையிலிருந்துதான் வருகிறது.

பசளையை ஒரே இரவில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விசயமில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை என்று வர்த்தமானி வந்தது. நோக்கத்தைக் கேட்டால் யாரும் கூடாது என்று சொல்லமாட்டார்கள்: மண் நல்லாக வேண்டும், தண்ணி நல்லாக வேண்டும், சிறுநீரக நோய் குறைய வேண்டும். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் விதைத்தாயிற்று. ஏக்கருக்கு 30 மூடை வருகிற எங்கட காணியில் அந்த முறை 13 வந்தது. பல வருசமாக யூரியாவுக்குப் பழகிய மண், கூட்டுப்பசளை செய்யப் போதுமான சாணம் இல்லாத ஊர், மாற்றுப் பசளை வராத பசளைக் கடை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு போகத்தில் மாறு என்றால் எப்படி மாறும்? அப்பா அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கேட்டால், “நெல்லுக்குப் பத்தியம் வைக்கலாம், பட்டினி போட ஏலாது” என்பார்.

எரித்ரோமைசினைப் பற்றி மாமா சொன்னதும் பசளைத் தடையைப் பற்றி அப்பா சொன்னதும் எனக்கு ஒரே விசயமாகத்தான் படுகிறது. மெல்ல மெல்லச் சேர்ந்ததை ஒரே நாளில் வெட்டி எறிய நினைத்தால், அதோடு ஒட்டி உயிர் வாழ்கிற மற்றதும் சேர்ந்து போகும். இரண்டு இடத்திலும் மேலே தெரிகிறதைத்தான் வெட்டுகிறோம். அடியில் கிடப்பது அப்படியே கிடந்து, சந்தர்ப்பம் பார்த்துத் திரும்பி வருகிறது. அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாது. சளி பூவின் மேல் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சேர்ந்த மாதிரியே மெல்ல மெல்ல வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பொறுமையோடு கொஞ்சம் கூலி வேலையும் தேவை.

மாமாவும் நானும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. யகார்த்தாவில் லீ சின் எங் என்று ஒருவர், பெரிய வடிகட்டி ஒன்றும் இல்லாமல், இயற்கைக் கடல் தண்ணி, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல், காற்றுக் குமிழ், இந்த மூன்றையும் வைத்தே முருகைகளைத் தொட்டிக்குள் வாழவைத்து, 1961இல் அமெரிக்க மீன் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். உலகத்தின் முதல் முருகைத் தொட்டிக்காரர்களில் ஒருவர், எங்களைப் போலக் கடற்கரை நாட்டுக்காரர். “அந்த மனிசனுக்கு இருந்தது நல்ல தண்ணியும் கண்ணும் மட்டும்தான்,” என்பார் மாமா.

நல்ல தண்ணிக்குக் காக்காவைப் பிடித்தோம். மார்ச்சில் கடல் தெளிந்ததும், கரையிலிருந்து நல்லாத் தள்ளிப் போகிற இடத்தில் இரண்டு கானை நிரப்பித் தரச் சொன்னோம். “மீன் கேக்காம தண்ணி கேக்கிற மொத ஆள் நீதான்” என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து தந்தார். மானியில் வைத்தேன், உப்பு எதுவும் சேர்க்காமலே 1.025. மாசம் 20 லீற்றர் ஒரே தரத்தில் மாற்றுவதை விட்டு, கிழமைக்கு 7 லீற்றர் மாற்றத் தொடங்கினோம். மாற்றுகிற அந்த 7 லீற்றரையும் சளி இருக்கிற இடத்திலிருந்தே உறிஞ்சி எடுப்பது. அழுக்கும் சளியும் பழைய தண்ணியும் ஒரே குழாயில் வெளியேறும்.

மீனுக்குச் சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள். அவைகள் இளைக்கவில்லை, முகத்தைத்தான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டியின் பின்பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை மாட்டி, தொட்டித் தண்ணி அதற்குள் போய் வருகிற மாதிரி வைத்து, ஒரு கைப்பிடி பச்சைக் கடற்பாசியைப் போட்டு, மேலே மலிவான ஒரு வெள்ளை பல்பைத் தொங்கவிட்டோம். பாசியைப் பாசியால் எடுப்பது. சிவப்புச் சளி தின்கிற அதே நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் இதுவும் தின்னும். தின்று வளர்ந்ததும் பாதியைப் பிடுங்கி எடுத்துவிடலாம். பிடுங்குகிற ஒவ்வொரு கைப்பிடியும் தொட்டியிலிருந்து வெளியே போகிற பசளை. அதை உப்புப் போகக் கழுவி அம்மா கறிவேப்பிலை மரத்தடியில் போடுகிறா. வயலில் போட்ட பசளை ஆறு, கடல், கான், தொட்டி என்று சுற்றிக் கடைசியில் கறிவேப்பிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர், “அப்ப அந்த மரத்துக்கு நான் வேற யூரியா போடத் தேவையில்ல” என்றார்.

மருந்து வேகத்தில் எதுவும் நடக்கவில்லை. ஏப்ரல் முழுக்கச் சளி வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் துணியாகப் படராமல் திட்டுத்திட்டாக. உறிஞ்சி எடுத்தால் பத்து நாளில் வந்தது, இருபது நாள் எடுத்தது. இடையில் மணலில் பழுப்புப் பாசி ஒன்று தூசி மாதிரி வந்து தானாகவே போனது. மே நடுப்பகுதியில் ஒருநாள் உறிஞ்ச ஒன்றும் இல்லாமல் குழாயை வைத்துக்கொண்டு நின்றேன். அறுபது சொச்சம் பொத்தான் பூவில் மிஞ்சியது நாற்பத்தொன்று. எண்ணி மாமாவுக்கு அனுப்பினேன். “ஏழில இருந்துதானே வந்தது” என்று ஒரு குரல் பதிவு வந்தது.

இதே சிக்கலோடு கிழக்குக் கரையில் யாராவது தொட்டி வைத்திருந்தால் அவர்களுக்குச் சொல்ல இரண்டு விசயம்தான் இருக்கிறது. ஒன்று, கடல் தண்ணியை மாதம் பார்த்து அள்ளுங்கள். மார்ச்சிலிருந்து செப்டெம்பர்வரை, மழை பெய்யாத நாளில், ஆற்றுவாய்க்குக் கிட்டப் போகாமல், முடிந்தால் படகில் போகிற ஒருவரிடம் சொல்லி. இரண்டு, மானியில் உப்பு குறைவாகக் காட்டினால், அந்தத் தண்ணிக்குள் வேறு என்ன கூடியிருக்கும் என்றும் யோசியுங்கள்.

பம்ப்புக்குப் பின்னால் ஒரு மூலையில் விரல் நகம் அளவுக்குச் சிவப்பு இன்னும் நிற்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். அது பெருத்தால் கணக்கு எங்கேயோ பிழைக்கிறது என்று அர்த்தம், மானியைவிட அது முதல் சொல்லும் என்பது அவர் அனுபவம். வரப்போகிற மாரிக்காக நான்கு கான் கடல் தண்ணி நிரப்பி, வெளிச்சம் படாமல் சாக்குப் போட்டு மூடி, விறாந்தையில் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே அப்பாவின் பசளை மூடைகள். எதை எங்கே தள்ளி வைப்பது என்று அம்மாதான் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறா.